பெட்டி யாருடையது?

காலையில் பத்திரிகை வந்ததும், ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்தத் தாள்களில் ஏதாவது ஒரு மூலையில், "இத்தனை கிலோ கஞ்சா பிடிபட்டது, இத்தனை பேர் கைது" என்ற செய்தி இல்லாத நாள் அபூர்வம். கூடவே ஒரு படமும் இருக்கும். மூட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். மூட்டைகளுக்குப் பின்னால் அதிகாரிகள் நிமிர்ந்து நிற்பார்கள். முன்னால், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஒருவனோ இருவரோ குந்தியிருப்பார்கள்.

"இந்தப் பாவிகளைத் தூக்கிலே போட்டாலும் தகும்" என்பார் தாத்தா.

"அது கிடக்கட்டும். இவர்களுக்கும் ஒரு வக்கீல் வந்து வாதாடப் போகிறாரே, அவருக்கு மனச்சாட்சி என்பது கிடையாதா?" என்பாள் பாட்டி.

தாத்தாவின் கோபத்திலும் பாட்டியின் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. லாகிரி வஸ்துக்கள் எத்தனை குடும்பங்களைக் குட்டிச்சுவராக்கியிருக்கின்றன என்பதை நாம் அறிவோம். அவற்றை விற்றுப் பணம் சேர்ப்பவர்களிடம் நமக்கு அணுவளவும் அனுதாபம் கிடையாது. ஆயினும், பாட்டியின் கேள்விக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும். அந்தப் பதில் அவளுடைய சொந்தப் பேரனுக்கே ஒரு நாள் தேவைப்படலாம்.

எப்படி என்கிறீர்களா? பேரப்பிள்ளை காலேஜ் விடுமுறைக்கு ரயிலில் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் மரியாதையாகப் பேசுகிறார், வாழைப்பழம்கூடக் கொடுக்கிறார். ஒரு ஸ்டேஷனில், "தம்பி, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள். காபி குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று இறங்குகிறார். ரயில் புறப்படுகிறது. மனிதர் வரவில்லை; அடுத்த ஸ்டேஷனில் அதிகாரிகள் வருகிறார்கள்.

"பெட்டி யாருடையது?"

இந்த ஒரு கேள்விக்குள் நம்முடைய விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சர்க்காரே வியாபாரி

இந்தப் பாழும் வியாபாரத்தை நம் நாட்டில் பெரிய அளவில் நடத்தியது யார் என்று கேட்டால், அந்நிய சர்க்கார் என்றுதான் சொல்ல வேண்டும். 1773-ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்து அபின் வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. கங்கைச் சமவெளிக் குடியானவர்கள் விளைவித்த அபின் கல்கத்தாவில் ஏலம் போயிற்று. அங்கிருந்து கப்பலேறிச் சீன தேசத்துக்குச் சென்றது. சீனர்கள் வேண்டாம் என்று தடுத்தபோது பீரங்கிகளோடு கப்பல்கள் போயின. 1839 முதல் 1842 வரையிலும், மறுபடி 1856 முதல் 1860 வரையிலும் நடந்த அபின் யுத்தங்களைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்களில் நேயர்கள் படித்திருப்பார்கள்.

நம் தலைவர்கள் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. தாதாபாய் நௌரோஜி இந்தப் பாவப் பணத்தைக் கண்டித்தார். அஸ்ஸாமில் அபின் பழக்கம் ஜனங்களை எப்படி உருக்குலைக்கிறது என்று காங்கிரஸ் விசாரணை நடத்தி, 1925-இல் அறிக்கை வெளியிட்டது. தீனபந்து ஆண்ட்ரூஸ் அதில் ஈடுபட்டு உழைத்தார். நம் மாகாணத்தில் ராஜாஜி 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அந்த லட்சியம் சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனத்திலும் இடம் பெற்றது. உடல்நலத்தைக் கெடுக்கும் மது வகைகளையும் மருந்துகளையும், வைத்தியத்துக்கு வேண்டியவை நீங்கலாக, விலக்குவதற்கு ராஜ்யம் முயல வேண்டும் என்று 47-வது ஷரத்து சொல்கிறது.

அதே தேசியப் போராட்டம் நமக்கு இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. 1919-இல் ரௌலட் சட்டம் வந்தபோது, "வக்கீலும் இல்லை, வாதமும் இல்லை, அப்பீலும் இல்லை" என்று ஜனங்கள் அதைப் பழித்தார்கள். விசாரணையில்லாமல் சிறையிருந்தவர்களும், போலீஸ் எழுதிக்கொண்ட வாக்குமூலங்களால் தண்டனை பெற்றவர்களும் அந்நாளில் எத்தனையோ பேர். அந்த அனுபவத்தின் பலனாகவே, கைது செய்யப்பட்டவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவன் விரும்பிய வக்கீலைக் கலந்துகொள்ள விடவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதிகள் சாசனத்தின் 22-வது ஷரத்தில் ஏறின. போதையை ஒழிக்க வேண்டும் என்பதும், எவனையும் நியாயமின்றித் தண்டிக்கக் கூடாது என்பதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டில் ஒன்றை வளர்க்க மற்றொன்றைப் பட்டினி போடலாகாது.

இரும்புச் சட்டம்

1985-க்கு முன்பு நம் நாட்டில் 1857, 1878-ஆம் வருஷங்களின் அபின் சட்டங்களும், 1930-ஆம் வருஷத்து அபாயகர மருந்துச் சட்டமும் அமலில் இருந்தன. இந்தக் கடைசிச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை மூன்று ஆண்டு. கடத்தல்காரர்களுக்கு இது கொசுக்கடி. ஆகவே பார்லிமெண்ட் 1985-இல் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் என்பது அதன் பெயர். அது 1985 நவம்பர் 14-ந் தேதி அமலுக்கு வந்தது.

முதலில் இந்தச் சட்டம் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. சொற்ப அளவைத் தன் உபயோகத்துக்கென்று வைத்திருந்தவனைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் பெரும்பாலும் பத்து ஆண்டுக் கடுங்காவல்தான். 2001-இல் செய்த திருத்தம்தான் எடைக்குத் தக்க தண்டனை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கஞ்சாவானால் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 'சிறிய அளவு'. 20 கிலோவுக்கு மேற்பட்டது 'வியாபார அளவு'. ஹெராயினில் சிறிய அளவு 5 கிராம். வியாபார அளவு 250 கிராம். அபினில் 25 கிராமும் இரண்டரைக் கிலோவும். சிறிய அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டு. இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை. வியாபார அளவுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபது. அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது.

ஆகவே வக்கீலின் முதல் வேலை தராசைப் பார்ப்பது. பிடித்தது எவ்வளவு? அதில் எது கஞ்சா? சட்டத்தின்படி கஞ்சா என்பது அச்செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள்தாம். நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வரா. மூட்டையோடு தண்டையும் இலையையும் சேர்த்து நிறுத்து 21 கிலோ என்று எழுதியிருந்தால், அந்த ஒரு கிலோவில் ஒரு மனிதனுடைய பத்து ஆண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஹெராயினோடு மாவைக் கலந்து வைத்துக்கொண்டு, "மாவைக் கழித்து எடை போடுங்கள்" என்று கேட்க இப்போது வழியில்லை. கலப்படத்தின் முழு எடையையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது.

தலைகீழான தராசு

மற்றக் குற்றங்களில், குற்றத்தை நிரூபிக்க வேண்டியது சர்க்கார் தரப்பின் பொறுப்பு. எதிரி வாய் திறக்காமலே இருக்கலாம். இந்தச் சட்டத்தில் அப்படியல்ல. ஒருவன் வசம் போதைப் பொருள் இருந்தது என்று ஏற்பட்டு, அது எப்படி வந்தது என்பதற்கு அவன் தக்க சமாதானம் சொல்லாவிட்டால், அவன் குற்றவாளி என்று 54-வது பிரிவு அனுமானிக்கச் சொல்கிறது. தெரிந்தேதான் வைத்திருந்தான் என்று 35-வது பிரிவு அனுமானிக்கிறது. இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் அவன் தலையில்!

ரயில் பையனுடைய கதி என்ன என்று இப்போது புரிகிறதல்லவா? "பெட்டி என்னுடையதல்ல" என்று அவன் சொன்னால் போதாது. அதை நம்பும்படி செய்ய வேண்டும். டிக்கெட், பெட்டியின் பூட்டுச் சாவி, அதன் உள்ளே இருந்த துணிமணிகளின் அளவு, பக்கத்துப் பிரயாணிகளின் சாட்சியம், செல்பேசிக் கணக்கு ஆகிய இவையெல்லாம் அப்போது உயிர் காக்கும் மருந்துகளாகும். ஒரே மோட்டாரில் ஐந்து பேர் பிரயாணம் செய்தபோது பிடிபட்ட சரஸ் வழக்கொன்றில், வஸ்து கையில் இருந்தால் மட்டும் போதாது, அறிந்து வைத்திருந்ததாக இருக்க வேண்டும் என்று 2003-இல் ஸுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. ஆனால், அறியேன் என்பதை அறியாதவனே காட்ட வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் சொல்லிற்று. ஐந்து பேரும் தப்பவில்லை.

இப்படிச் சட்டத்தை எழுதுவது சாசனத்துக்கு விரோதமில்லையா? இந்தக் கேள்வி 2008-இல் ஸுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. ஆப்கானிஸ்தானத்திலிருந்து 1997-இல் அமிருதசரஸ் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒருவர், திராட்சைப் பழ அட்டைப் பெட்டியில் ஒரு கிலோ 400 கிராம் ஹெராயின் கொண்டுவந்தார் என்பது வழக்கு. கீழ்க் கோர்ட்டுகள் தண்டித்துவிட்டன. ஸுப்ரீம் கோர்ட் அந்த இரு பிரிவுகளும் செல்லும் என்றது. ஆனால் கூடவே ஒரு பெரிய நிபந்தனையும் விதித்தது: சர்க்கார் தரப்பு முதலில் அடிப்படை உண்மைகளைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்; அதன் பிறகே அனுமானம் பிறக்கும். தண்டனை எவ்வளவு கடுமையோ, அவ்வளவு கண்டிப்பாக நிரூபணமும் இருக்க வேண்டும். அந்த வழக்கிலோ பிடித்த பொருள் கோர்ட்டில் காட்டப்படவில்லை. சுயேச்சையான சாட்சிகள் விசாரிக்கப்படவில்லை. பதினோரு ஆண்டுக்குப் பிறகு அவர் விடுதலையானார்.

வேலியின் முட்கள்

"ஏதோ சின்னச் சட்டப் பிசகைச் சொல்லி வக்கீல் தப்ப வைத்துவிட்டார்" என்று சொல்லக் கேட்கிறோம். அந்தச் 'சின்னப் பிசகு' என்ன என்று சற்றுப் பார்ப்போம். அதிகாரிகளுக்கு இவ்வளவு பெரிய ஆயுதத்தைக் கொடுத்த பார்லிமெண்ட், அது தவறான ஆள் மேல் பாயாதிருக்கச் சில வேலிகளையும் அதே சட்டத்தில் கட்டிவைத்தது.

துப்புக் கிடைத்தால் அதிகாரி அதை எழுத்தில் பதிந்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 42-வது பிரிவு. எதற்காக? முதலில் ஆளைப் பிடித்துவிட்டுப் பிறகு துப்பை ஜோடிக்கக் கூடாது என்பதற்காக. கைதும் பறிமுதலும் நடந்த 48 மணி நேரத்துக்குள் முழு அறிக்கை மேலே போக வேண்டும் என்கிறது 57-வது பிரிவு. பெண்ணைப் பெண்தான் சோதனையிட வேண்டும். ஒருவனுடைய உடம்பைச் சோதிக்குமுன், "கெஸட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உனக்கு உரிமை உண்டு" என்று அவனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது புகழ்பெற்ற 50-வது பிரிவு.

இந்த 50-வது பிரிவைப் பற்றி ஐந்து நீதிபதிகள் கொண்ட ஸுப்ரீம் கோர்ட் பெஞ்சு 1999-இலும் 2010-லும் இருமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உரிமை உண்டு என்று தெரிவிப்பது அதிகாரியின் கட்டாயக் கடமை. ஒப்புக்குக் கேட்டதாக எழுதிவைத்தால் போதாது. தெரிவிக்காமல் உடம்பிலிருந்து எடுத்ததாகச் சொல்லும் பொருளை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்பது அவற்றின் சாரம். ஆனால் இந்தப் பாதுகாப்பு உடம்புச் சோதனைக்குத்தான். கைப்பைக்கும் பெட்டிக்கும் இல்லை என்று 2005-இல் தீர்ந்துவிட்டது. நமது ரயில் பையனுக்கு இது கைகொடுக்காது. 42-வது பிரிவிலும் அப்படியே: தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் மன்னிப்பு உண்டு, அடியோடு பின்பற்றாமலிருந்தால் மன்னிப்பில்லை என்று 2009-இல் மற்றோர் ஐவர் பெஞ்சு சொல்லிற்று. கோர்ட்டுகள் வக்கீல்களின் கெட்டிக்காரத்தனத்தில் மயங்கிக் கதவைத் திறந்துவிடுகின்றன என்பது பிசகான எண்ணம். எத்தனை கதவுகளைத் திறந்திருக்கின்றனவோ, அத்தனை கதவுகளை மூடியும் இருக்கின்றன.

மாதிரி எடுப்பது இன்னொரு முள். மூட்டையில் இருந்தது கஞ்சாவா, காய்ந்த கீரையா என்பதை ரசாயனப் பரிசோதகர் சொல்ல வேண்டும். அவரிடம் போன பொட்டலம் அந்த மூட்டையிலிருந்துதான் எடுக்கப்பட்டது என்பதற்கு என்ன அத்தாட்சி? அதற்காகத்தான் 52ஏ பிரிவு, பட்டியலையும் மாதிரியையும் மாஜிஸ்திரேட் சான்றளிக்க வேண்டும் என்கிறது. 2016-இல் ஸுப்ரீம் கோர்ட் இதை வற்புறுத்திற்று. 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் விரிவான விதிகளையும் வெளியிட்டது. 2023 அக்டோபரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு ஹெராயின் வழக்கில், மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்ததற்குச் சான்றில்லை என்று ஸுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்துச் செய்தது. ஆயினும் இந்த ஒரு குறை இருந்தாலே வழக்கு விழுந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். மற்றச் சாட்சியங்கள் நம்பத்தக்கனவாக இருந்தால் தண்டனை நிற்கும் என்று 2025 ஜனவரியில் அதே கோர்ட் விளக்கியிருக்கிறது.

சென்னையில் பிறந்த தீர்ப்பு

இவையெல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று வாக்குமூலம். போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே உள்ள விதி; அந்நிய ஆட்சியே தன் போலீஸை நம்பாமல் எழுதிக்கொண்ட விதி என்று வேண்டுமானாலும் சொல்லலாம். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது மாறவில்லை. ஆனால் போதைப் பொருள் வழக்குகளைப் போலீஸார் மட்டுமா பிடிக்கிறார்கள்? சுங்க இலாகா, வருவாய்ப் புலனாய்வு, போதைப் பொருள் தடுப்புப் பிரிவு ஆகியவற்றின் அதிகாரிகளும் பிடிக்கிறார்கள். இவர்கள் 67-வது பிரிவின்படி ஒருவனை உட்காரவைத்து எழுதி வாங்கும் வாக்குமூலம் செல்லுமா?

செல்லும் என்று நெடுங்காலம் கோர்ட்டுகள் சொல்லிவந்தன. அதன் பேரிலேயே எத்தனையோ பேர் பத்து ஆண்டுச் சிறைக்குப் போனார்கள். 2004-இல் சென்னையில் ஹெராயினோடு பிடிபட்டதாகக் குற்றஞ் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்ற ஒருவருடைய அப்பீலில் இந்தக் கேள்வி மறுபடி எழுந்து, மூன்று நீதிபதிகள் முன் சென்றது. 2020 அக்டோபர் 29-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் நாரிமன், நவீன் சின்ஹா ஆகிய இருவரும், இந்த அதிகாரிகளும் சட்டத்தின் பார்வையில் போலீஸ் அதிகாரிகளே, இவர்களிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றார்கள். நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்டார். இரண்டுக்கு ஒன்று! சென்னையில் கைதாகிய நாளுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த அப்பீலை விடாமல் நடத்திய வக்கீல்கள் இல்லாவிட்டால், மூடிய அறையில் எழுதி வாங்கிய ஒரு தாள் இன்றைக்கும் போதுமான சாட்சியமாகவே இருந்திருக்கும்.

காத்திருக்கும் காலம்

தண்டனையை விடக் கொடியது எது? தீர்ப்பு வராமலிருப்பதுதான். 1989-இல் திருத்திய 37-வது பிரிவின்படி, வியாபார அளவு வழக்கில் ஜாமீன் வேண்டுமென்றால், இவன் குற்றவாளியல்ல என்று நம்ப நியாயமான காரணம் உண்டு என்றும், வெளியே போனால் குற்றம் செய்யமாட்டான் என்றும் நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். விசாரணைக்கு முன்பே விசாரணையின் முடிவைக் கேட்பது போன்ற விஷயம் இது! புலன் விசாரணைக்கே 180 நாள் அவகாசம். சர்க்கார் வக்கீல் காரணம் காட்டினால் ஒரு வருஷம் வரை நீளும். அதற்குள் குற்றப் பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. வக்கீல் நாளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டிய காரணம் இதுதான்.

டில்லியில் 2015-இல் ஒரு கஞ்சா வழக்கில் கைதான வாலிபருக்கு அப்போது வயது 23. ஏழு ஆண்டுக்கு மேல் ஆகியும் அவருடைய விசாரணை முடியவில்லை. 2023 மார்ச்சில் ஸுப்ரீம் கோர்ட் அவருக்கு ஜாமீன் அளித்தது. 37-வது பிரிவை எழுத்துக்கு எழுத்து அப்படியே படித்தால் யாருக்கும் ஜாமீனே கிடைக்காது; விசாரணை அளவுக்கு மீறித் தாமதமானால் அந்தப் பிரிவு குறுக்கே நிற்காது என்று நீதிபதிகள் கூறினார்கள். இருபத்து மூன்றிலிருந்து முப்பது வரை! நம் வீடுகளில் அந்த ஏழு ஆண்டில் பிள்ளைகள் படிப்பை முடித்து, உத்தியோகம் பார்த்து, கல்யாணமும் செய்துகொண்டு, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வாலிபர் குற்றவாளியா இல்லையா என்று அதுவரை எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை.

அக்கரையில் ஐவர்

கடல் தாண்டினால் நிலைமை இன்னும் கடுமை. ராமேஸ்வரம் தீவைச் சேர்ந்த ஐந்து மீனவர்களை 2011 நவம்பரில் இலங்கைக் கடற்படை கைது செய்தது. ஹெராயின் கடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. மூன்று ஆண்டு சிறையிலிருந்தார்கள். 2014 அக்டோபர் 30-ந் தேதி கொழும்பு ஹைகோர்ட் இவர்களுக்கும், இலங்கையரான மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. ராமேஸ்வரம் கொந்தளித்தது. நிரபராதிகள் என்று குடும்பங்கள் கதறின. இந்திய சர்க்கார் அப்பீல் செய்வித்தது. ராஜதந்திர முயற்சிகளும் நடந்தன. நவம்பர் 19-ந் தேதி இலங்கை ஜனாதிபதி ஐவரையும் மன்னித்து விடுவித்தார். அவர்கள் ஊர் திரும்பிய நாளில் அந்த வீடுகளில் எப்படி இருந்திருக்கும் என்று நாம் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: அவர்கள் திரும்பியது மன்னிப்பினால். அப்பீல் கோர்ட் சாட்சியங்களை நிறுத்துப் பார்த்து, குற்றம் உண்டு அல்லது இல்லை என்று சொல்லும் சந்தர்ப்பம் கடைசி வரையில் வரவேயில்லை.

வக்கீலின் மனச்சாட்சி

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். நம் மாநிலத்திலே இதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் எழுந்த ஒரு வழக்கில், போலீஸாருக்காக எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அந்த விவகாரம் ஸுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2010 டிசம்பரில் நீதிபதிகள், இன்னாருக்கு ஆஜராக மாட்டோம் என்று சங்கங்கள் போடும் தீர்மானங்கள் சாசனத்துக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதமானவை, செல்லாதவை என்று கூறிவிட்டார்கள். எப்பேர்ப்பட்ட கொடியவன் என்று ஊர் சொன்னாலும், அவனுக்காகப் பேச ஒருவர் இருக்க வேண்டும். கையில் காசில்லாதவனுக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் வைத்துத்தர 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்குக்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு ஜில்லாக் கோர்ட்டிலும் அந்த ஆணையத்தின் காரியாலயம் இருக்கிறது.

வக்கீல் பொய்யை மெய்யாக்க வருகிறவரல்ல. சர்க்கார் தரப்பு தன் கடமையைச் செய்ததா என்று கேட்க வருகிறவர். அதிகாரி ஒழுங்காகத் துப்பை எழுதி, ஒழுங்காகச் சோதித்து, ஒழுங்காக முத்திரை வைத்திருந்தால் எந்த வக்கீலாலும் உண்மையான கடத்தல்காரனைக் காப்பாற்ற முடியாது. வேலியின் முட்கள் கள்ளனைக் காப்பாற்ற வைத்தவை அல்ல. ரயில் பையனைக் காப்பாற்ற வைத்தவை.

வீட்டில் இருப்போருக்குச் சில வார்த்தை சொல்லி முடிக்கிறோம். முன்பின் அறியாதவர் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், தாட்சண்யம் பாராமல் மறுத்துவிடுங்கள். வெளிநாடு போகும் பிள்ளையிடம் "ஒரு சின்னப் பொட்டலம்தான்" என்று கொடுப்பவர் எவ்வளவு வேண்டியவராயினும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வீட்டையோ வண்டியையோ வாடகைக்கு விட்டால், விசாரித்து, எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஜாக்கிரதையாக இருந்தேன் என்று காட்ட முடியாத சொந்தக்காரரின் வண்டியைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே ஒரு பிள்ளை இந்தப் பழக்கத்துக்கு ஆளாகிவிட்டால், மறைத்து வைக்காதீர்கள். சிறிய அளவோடு பிடிபட்ட, பழக்கத்துக்கு அடிமையான ஒருவன் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் தானே வலிய வந்து சிகிச்சை பெற்றால், அவன் மேல் வழக்கு நடத்தலாகாது என்று அதே இரும்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு சொல்கிறது. ஒருவேளை கைதே நேர்ந்துவிட்டால், பயத்திலே எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். வக்கீலைக் கூப்பிடுங்கள் என்று மரியாதையாகக் கேட்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

நாளைக் காலையிலும் பத்திரிகை வரும். மூட்டைகளின் படமும் வரும். முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருப்பவன் கடத்தல்காரனாகவே இருக்கலாம். அப்படியானால் அவன் சிறைக்குப் போகட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்தத் துணியை விலக்கிப் பார்க்கும் உரிமை ஒரு கோர்ட்டுக்குத்தான் உண்டு. அதுவரையில், "பெட்டி யாருடையது?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் நாம்.